வீட்டில் சுண்டெலி வளர்ப்பு: சென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சுண்டெலியைக் குட்டி போட வைப்பதற்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் விட்டால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடி சினை பிடிக்கும். குட்டிகளோ ஐந்தாறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பொங்கலுக்கு வாங்கிய ஒரு ஜோடி, பிரிக்கப்படாமல் இருந்தால், சித்திரைப் புத்தாண்டுக்குள் ஐம்பதைத் தாண்டினாலும் வியப்பில்லை.

எனவே இந்த வழிகாட்டியில் சேர்ப்பதைவிடப் பிரிப்பதைப் பற்றியே அதிகம் இருக்கும். எப்போது பிரிப்பது, யாரை யாரிடமிருந்து பிரிப்பது, பிரித்தவற்றை எங்கே வைப்பது என்பதற்கு விடை இல்லாமல் எலி வளர்ப்பில் இறங்கக் கூடாது. இங்கே பேசுவது கடைகளில் வெள்ளை, கறுப்பு, பழுப்பு நிறங்களில் கிடைக்கும் வளர்ப்புச் சுண்டெலியைப் பற்றி மட்டுமே. சமையலறையில் பிடிபட்டதை வளர்க்க நினைக்காதீர்கள். அது பழகாது, நோயையும் கொண்டுவரும்.

எலிக்கு முன் பெட்டி

இரண்டு எலி வாங்குவதற்கு முன் நான்கு பெட்டி வேண்டும். ஆணுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ஈனும் தாய்க்கு ஒன்று, பால் மறந்த ஆண் குட்டிகளுக்கு ஒன்று. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழி ஆண் சுண்டெலிக்கு அப்படியே பொருந்தும். வளர்ந்த ஆண்கள் இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் வாலிலும் அடிமுதுகிலும் கடித்துக் குதறிக்கொள்ளும். சில சமயம் ஒன்று செத்தே போகும். கூடப் பிறந்தவை என்ற சலுகையெல்லாம் இரண்டு மாதம் வரைதான். பெண்கள் நேர் எதிர். தனியாக வைத்தால் வாடிவிடும்; இரண்டு மூன்றாகச் சேர்ந்திருந்தால் நிம்மதியாக வாழும்.

பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியே சென்னைக்குப் போதுமானது. ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் இருக்கட்டும். மூடியிலும் இரு பக்கவாட்டிலும் பெரிய சன்னல் வெட்டி, இரும்புக் கடையில் கிடைக்கும் வெல்டிங் கம்பி வலையை உள்பக்கமாக வைத்துத் திருகாணி போட்டு இறுக்குங்கள். வலைக் கண் 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. வளர்ந்த எலி அடங்கும் கூண்டில் மூன்று வாரக் குட்டி அடங்காது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பழைய மீன் தொட்டியைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஊட்டியில் இருந்தால் பயன்படுத்தலாம். இங்கே கண்ணாடித் தொட்டி சூட்டையும் சிறுநீரின் அம்மோனியாவையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்டெலியின் நுரையீரல் அதைத் தாங்காது.

அடியில் விரிக்க, துண்டாக்கிய வெள்ளைத் தாள் அல்லது தூசி சலித்த மரச்சீவல். வாசனை தூக்கலாக இருக்கும் தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம். அவற்றின் எண்ணெய் மூச்சுக்கும் ஈரலுக்கும் கெடுதல். நெல் உமி மலிவுதான், ஆனால் தூசி அதிகம், முனையும் கூர்மை. இரண்டு அங்குல உயரத்துக்குப் போட்டால் எலி தானே சுரங்கம் தோண்டிக்கொள்ளும். கூடு கட்டுவதற்கு வாசனையில்லாத டிஷ்யூ தாள் கொடுங்கள். பஞ்சும் நூலும் கூடவே கூடாது. இழை குட்டியின் காலில் சுற்றினால் கால் போய்விடும். வாசல் வெட்டிய கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் அருமையான வீடு. ஓடும் சக்கரம் வாங்கினால் இடைவெளி இல்லாத தளம் உள்ளதாக, 20 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல் பாருங்கள். கடைகளில் தொங்கும் கம்பிச் சக்கரம் வாலையும் காலையும் பிடித்துக்கொள்ளும்.

இனி எறும்பு. வெளிநாட்டு வழிகாட்டிகள் பேசாத விஷயம் இது. இந்த ஊரிலோ குட்டிகளுக்கு முதல் எதிரியே எறும்புதான். பிறந்த குட்டிக்கு மயிரும் இல்லை, நகரவும் தெரியாது. சிந்திய கம்பு மணியைத் தேடி வரும் எறும்புச் சாரை ஓர் இரவில் மொத்தக் கூட்டையும் முடித்துவிடும். பெட்டியைச் சுவரில் ஒட்டாமல், கால் உள்ள ஒரு சிறு மேசை மேல் வையுங்கள். நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் சமையலறைப் பாலலமாரிக்குச் செய்த அதே ஏற்பாடுதான். நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதில் கொசு முட்டையிடும். எறும்புப் பொடி, சாக்குக்கட்டி, பாச்சை உருண்டை எதையும் பெட்டி இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். எலி விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி சுவரில் இருந்தால் கழற்றிவிடுங்கள். குட்டிகள் தாயைக் கூப்பிடுவது நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியில்தான்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது நினைவிருக்கும். மழைக்காலத்தில் பெட்டி பரண் உயரத்தில் இருக்கட்டும்; கையில் தூக்கிக்கொண்டு போகச் சிறு பயணக்கூண்டு ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

வாங்கும்போது

பழைய மூர் மார்க்கெட் 1985 தீ விபத்தில் போய்விட்டாலும், அந்தப் பெயரைத் தாங்கிய வளாகத்தில் இன்றும் பறவைகளும் சிறு பிராணிகளும் விற்கிறார்கள். மீன் வாங்கக் கொளத்தூர் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் முதலில் அது சுண்டெலிதானா என்று பாருங்கள். பெருத்த பாதமும் தடித்த வாலும் உள்ள வெள்ளைக் குட்டி, பெரிய எலியின் குட்டியாக இருக்கும். வளர்ந்த சுண்டெலி 20 முதல் 40 கிராம்தான். பெரிய எலி அதைப்போலப் பத்து மடங்கு வளரும்.

பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். எலியை உள்ளங்கையில் ஏந்திக் காதருகே கொண்டுபோனால் ஒன்றும் கேட்கக் கூடாது. கடிகாரம் போல ‘டிக் டிக்’ என்ற சத்தமோ கீச்சொலியோ மூச்சில் கேட்டால் அது சுவாச நோய்; அந்தக் கூண்டிலிருந்து எதையும் வாங்காதீர்கள். மயிர் சிலிர்த்து முதுகு கூனியிருப்பதும், ஆசனவாய் நனைந்திருப்பதும் வேண்டாத அடையாளங்கள்.

ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வால் அடியைப் பிடித்து, முன்கால்கள் கையில் ஊன்றியிருக்க, பின்பகுதியை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள். சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இடைவெளி பெண்ணில் மிகக் குறுகியது. ஆணில் ஏறக்குறைய இரு மடங்கு. வளர்ந்த ஆணுக்கு விதைப்பை தெளிவாகத் தெரியும், அதில் ஐயமே வராது. சந்தேகம் இளம் எலிகளில்தான். அப்போது ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

கடையில் ஆணும் பெண்ணும் கலந்திருந்த கூண்டிலிருந்து வந்த பெண், சினையோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே புதிதாக வந்ததை மூன்று வாரம் தனியறையில் வையுங்கள். நோய் இருந்தால் அதற்குள் வெளிப்படும். வயிற்றில் குட்டி இருந்தால் அதுவும் வெளிப்படும்.

கையில் பழக்குவது பற்றி ஒரு வார்த்தை. வாலைப் பிடித்துத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. 2010-ல் பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குழாய்க்குள் ஏறவிட்டோ இரு கையும் குவித்தோ தூக்கப்படும் சுண்டெலிகள் மனிதரைக் கண்டு அஞ்சுவது மிகக் குறைவு என்று காட்டினார்கள். டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய் ஒன்று போதும்.

சாப்பாடு

நாளைக்கு ஒரு சுண்டெலி தின்பது 4, 5 கிராம்தான். கம்பு, தினை, சாமை, உடைத்த கோதுமை, ஓட்ஸ் ஆகியவை அடிப்படை. அதில் ஐந்தில் ஒரு பங்கு பொட்டுக்கடலை, வேக வைத்து உலர்த்திய சோயா போன்ற புரதம் சேருங்கள். ஆய்வுக்கூட எலிகளுக்கான உருண்டைத் தீவனம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிடித்த மணியை மட்டும் பொறுக்கித் தின்னும் பழக்கத்துக்கு அதில் இடமில்லை. சும்மா இருக்கும் எலிக்கு 14 முதல் 16 சதவீதப் புரதம் போதும். சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருப்பதற்கு 18 முதல் 20 வேண்டும். ஆகவே தாய்க்குத் தினமும் சுண்டைக்காய் அளவு அவித்த முட்டை கொடுங்கள். வெள்ளரி, கேரட், கொத்தமல்லித் தழை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, விரல் நுனி அளவு.

வேர்க்கடலை கொடுப்பதானால் மழைக்காலத்தில் முகர்ந்து பார்த்துக் கொடுங்கள். ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சு ஈரலைத் தாக்கும். சாக்லேட், வெங்காயம், வேகாத ராஜ்மா, உப்பு போட்ட மிக்ஸர் ஆகியவை கிட்டவே வரக் கூடாது. பாட்டி இரக்கப்பட்டுப் போடும் இட்லித் துண்டில் தீங்கில்லை, சத்தும் இல்லை.

தண்ணீர் புட்டியின் முனையில் உள்ள சிறு குண்டை விரலால் தினமும் தட்டிப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். புட்டி நிறைய நீர் இருக்கும், எலி தாகத்தில் சாகும். வாரம் ஒருமுறை முனையை வினிகரில் ஊற வைத்துக் கழுவினால் பிரச்சினை இல்லை.

கத்திரியைக் கடப்பது

சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி வரை சுகம். 30-ஐத் தாண்டினால் திணறும். ஆணின் விந்துத் திறனும் குறையும். இதுவோ 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர். ஆகவே சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் ஜோடி சேர்க்கவே வேண்டாம். கார்த்திகையில் சேர்த்தால் மார்கழியில் குட்டி. மாசி முடிவதற்குள் எல்லாம் வளர்ந்துவிடும். இதைவிட நல்ல காலம் இங்கே கிடையாது.

மேற்கு பார்த்த அறையும் மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையும் ஆகாது. ஈரச் சாக்கு போர்த்துவது வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும்; கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்பும் சென்னையில் அதனால் பெரிய பலன் இல்லை. அதைவிட, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு மூலையில் வையுங்கள். வேண்டுமானால் சாயும், வேண்டாமென்றால் விலகும். மண் ஓடு ஒன்றை நிழலில் குளிரவிட்டு உள்ளே வைத்தால் மதியம் முழுக்க அதன் மேலேயே படுத்திருக்கும். மின்விசிறிக் காற்று நேரே பெட்டிக்குள் அடிக்கக் கூடாது. எலி நீட்டிப் படுத்து, வாயோரம் எச்சில் ஈரத்துடன் கிடந்தால் வெப்பத் தாக்குதல். குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் வாலையும் பாதங்களையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

சேர்ப்பதும் பிரிப்பதும்

பெண்ணுக்கு 10 முதல் 12 வாரம் ஆகியிருந்தால் முதல் ஈற்றுக்குச் சரியான வயது. எட்டு மாதத்துக்கு மேல் முதல் ஈற்று ஆபத்தானது. பெண் எலிக்கு 4, 5 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். பெண்கள் மட்டுமே கூட்டமாக இருந்தால் அந்தச் சுழற்சி தடைப்பட்டு நிற்கும். ஆணின் சிறுநீர் நனைந்த விரிப்பில் ஒரு கைப்பிடி எடுத்துப் பெண்ணின் பெட்டியில் போட்டால், மூன்றாம் நாள் வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு பெண்ணை ஆணின் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். மாற்றிச் செய்தால், பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடிக்கும். மறுநாள் விடிகாலையில் பார்த்தால் பெண்ணின் துவாரத்தில் வெளிர் மஞ்சள் அடைப்பு ஒன்று தெரியலாம். சேர்ந்ததற்கு அதுவே சான்று. சில மணி நேரத்தில் விழுந்துவிடும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்.

ஒரு வாரம் சேர்ந்திருந்தால் போதும். பிறகு பெண்ணைத் தனிப்பெட்டிக்கு மாற்றுங்கள். ஈனும் நாளில் ஆண் அருகில் இருந்தால் குட்டிகளுக்கு ஒன்றும் செய்யாது, பெரும்பாலும் நல்ல தகப்பன்தான். ஆனால் அன்றே அடுத்த சினை பிடித்துவிடும் என்பதுதான் சிக்கல். இன்னோர் எச்சரிக்கை: சினை பிடித்த முதல் சில நாட்களில் வேறு ஆணின் வாடைகூட அந்தப் பெண்ணுக்குப் படக் கூடாது. புதிய ஆணின் மணத்தால் சினை கலைந்துவிடும் என்பதை ஹில்டா புரூஸ் என்ற ஆய்வாளர் 1959-ல் கண்டறிந்தார்.

இரண்டாம் வார முடிவில் வயிறு பக்கவாட்டில் புடைக்கும். அப்போது விரிப்பை மாற்றி, நிறைய டிஷ்யூ தாள் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தொடுவதை நிறுத்துங்கள். ஈனுவது பெரும்பாலும் இரவில். காலையில் கூட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். முதல் மூன்று நாள் தண்ணீரும் தீனியும் வைப்பதைத் தவிர வேறு வேலை உங்களுக்கு இல்லை. குட்டியைத் தாய் தின்றுவிட்டது என்ற புகார் அடிக்கடி வருவதுண்டு. தொந்தரவு, தாகம், புரதக் குறைவு, செத்துப் பிறந்த குட்டி ஆகிய நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

நான்காம் நாள் தாய்க்கு முட்டைத் துண்டைக் காட்டி அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, கையைப் பழைய விரிப்பில் தேய்த்துக்கொண்டு கூட்டை விலக்கிப் பாருங்கள். குட்டிகள் அவரைக்கொட்டை அளவில், தோல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இடப்பக்க வயிற்றில் தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தால் பால் குடித்திருக்கிறது. பட்டை இல்லாத குட்டி பிழைப்பது கடினம். செத்ததை எடுத்துவிட்டுக் கூட்டை மூடிவிடுங்கள்.

ஐந்தாறு நாளில் பூமயிர் வரும், நிறம் தெரியும். ஒன்பதாம் பத்தாம் நாள்தான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான நாள். அப்போது பெண் குட்டிகளின் வயிற்றில் ஐந்து ஜோடி முலைக்காம்புப் புள்ளிகள் வரிசையாகத் தெளிவாகத் தெரியும். ஆணுக்கு ஒன்றுமே இருக்காது. ஒரு வாரம் தள்ளினால் மயிர் அடர்ந்து மறைத்துவிடும். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன நிறம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்றாம் நாள் வாக்கில் கண் திறக்கும். அடுத்த வாரம் பெட்டியைத் திறந்தாலே நாலாபக்கமும் துள்ளும். குளியல் தொட்டிக்குள்ளோ கதவைச் சாத்திய அறையிலோ வைத்துத் திறப்பது புத்திசாலித்தனம். மூன்று வாரத்தில் தானே தின்னும். நான்கு வாரம் நிறையும் அன்று, அதாவது 28-ஆம் நாள், ஆண் குட்டிகள் அனைத்தும் வேறு பெட்டிக்குப் போயாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இங்கே கூடாது. ஐந்தாவது வாரத்தில் ஓர் ஆண் உள்ளே தங்கினால் தாயும் தங்கைகளும் சினையாவார்கள். பெண் குட்டிகள் தாயுடனேயே இருக்கலாம். அடுத்த ஈற்றுக்கு முன் தாய்க்கு இரண்டு மாதமாவது ஓய்வு கொடுங்கள். வாழ்நாளில் இரண்டு, அதிகம் போனால் மூன்று ஈற்று. மொத்த ஆயுளே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்தான்.

நிறக் கணக்கு

சிவப்புக் கண் வெள்ளைகள் இரண்டு சேர்ந்தால் எல்லாமே சிவப்புக் கண் வெள்ளைதான், அதில் வேறு அதிசயம் நடக்காது. வெள்ளையைக் காட்டுப் பழுப்புடன் சேர்த்தால் குட்டிகள் நிறமாக வரும். அந்தக் குட்டிகளின் குட்டிகளில் வெள்ளை மறுபடி தலைகாட்டும். மரபுவழி மஞ்சள் நிறத்தில் மட்டும் ஒரு வில்லங்கம். பிரான்சின் லூசியன் கேனோ 1905-ல், இரண்டு மஞ்சள்களைச் சேர்த்தால், மஞ்சள் குட்டிகளை மட்டுமே தரும் தூய மஞ்சள் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை என்று கவனித்தார். இரு பக்கமும் அந்த மரபணு வாங்கிய கரு வயிற்றிலேயே அழிந்துவிடுவதே காரணம். பிறப்பவற்றில் மூன்றில் இரண்டு மஞ்சளாகவும், ஈற்று சிறியதாகவும் இருக்கும். மஞ்சள் வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கட்டும். மஞ்சள் சுண்டெலிகள் எளிதில் கொழுத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாடையும் நோயும்

ஆண் சுண்டெலி நாறும். இதை மறைத்து யாரும் எலி விற்கக் கூடாது. தினமும் ஈர மூலையை மட்டும் அள்ளி எடுத்து, வாரம் ஒருமுறை முழு விரிப்பையும் மாற்றுங்கள்; பழைய கூட்டில் ஒரு கைப்பிடியைத் திருப்பி வையுங்கள். ஒரேயடியாகக் கழுவித் துடைத்தால், தன் மணம் போய்விட்டதே என்று ஆண் இரண்டு மடங்கு சிறுநீர் தெளிக்கும். பினாயில் வாடையும் ஆகாது. வெந்நீரும் வினிகரும் போதும்.

எலிக்காய்ச்சல் பயம் நியாயமானதே. சென்னையின் மழைநீர்க் கால்வாய்ப் பெருச்சாளிகளும் வீட்டெலிகளும் உங்கள் பெட்டியை நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு வழி. தீனியை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். எலியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுண்டெலிகள் சுமக்கும் ஒரு வைரஸ் கருவைப் பாதிக்கும் என்பதால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். எலியின் மூச்சில் சத்தம், பெண் எலியின் மார்பிலோ அக்குளிலோ கட்டி, நிற்காத சொறிதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் போங்கள். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவர்களிடம் போவதானால் சிறு பிராணிகளைப் பார்ப்பாரா என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். நாய்க்கான மருந்தைக் குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

குட்டிகளைக் கொடுப்பது

யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்த பிறகு எலிகளை ஜோடி சேருங்கள். ஆறு வாரம் ஆனதும் பெண்களை இரண்டிரண்டாக, ஆண்களைத் தனித்தனியாக அனுப்பலாம். பூங்காவிலோ அடையாற்றங்கரையிலோ கொண்டுபோய் விடுவது விடுதலை அல்ல. வெள்ளை எலி காக்கைக்கும் பூனைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தப்பாது. நண்பருக்கு இரண்டு கொடுப்பதில் சிக்கல் ஏதுமில்லை. தொடர்ந்து விற்பதானால், பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளைப் படித்துப் பாருங்கள். கடை நடத்துபவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அவை சொல்கின்றன.